நான் எழுதிக் கொடுத்த கடவுச்சீட்டு

என் வலது பெருவிரலில் ஊதா மை இன்னும் போகவில்லை. சனிக்கிழமை ஒட்டியது, இன்று செவ்வாய். சவர்க்காரம் போட்டேன், எலுமிச்சந்தோல் தேய்த்தேன், மண்ணெண்ணெய் தொட்டும் பார்த்தேன். நகத்தின் ஓரத்தில் கோடு போல நிற்கிறது. கையை முகத்துக்கு அருகில் கொண்டுபோனால் முத்திரை மையின் வாசனை வருவது போலிருக்கிறது. மூன்று நாளாயிற்று, வாசனை இருக்க நியாயமில்லை. அது தெரிந்தும் தேநீர்க் கோப்பையை இடது கையால் எடுக்கிறேன்.

உனக்கு நான் கடைசியாக எழுதியது பெப்ரவரியில். பதில் வரவில்லை. ஏப்ரலில் உன் மகள் கோத்தகிரியிலிருந்து தொலைபேசியில் பேசினாள். "ஆன்ட்டி, உங்க லெட்டர் வந்தப்ப அம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க. படிச்சுக் காட்டினேன். சிரிச்சாங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் மற்றதைச் சொன்னாள். ஆகவே, சேரவேண்டியவரிடம் சேராது என்று தெரிந்தே இதை எழுதுகிறேன். நீ இருந்த காலமெல்லாம் எழுதத் துணியாத ஒன்றை நீ இல்லாதபோது எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை.

நுவரெலியாவில், பட்டணத்துக்கு மேலே உள்ள மேட்டில், ஒரு பழைய பங்களா இருக்கிறது. நீ இந்தியாவுக்குப் போன பிறகு இந்த நாட்டுக்கு ஜனாதிபதியாக வந்த ஒருவர் ஏப்ரல் மாதங்களில் வந்து தங்கிய வீடு. அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. வீட்டை நினைவில்லமாக்கியிருக்கிறார்கள். அவர் வெளிநாடுகளுக்குப் போனபோது கிடைத்த பரிசுகளை நாட்டுக்கு ஓர் அறையாக வைத்திருக்கிறார்கள். ஜப்பான் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பட்டுப் பொம்மை. குவைத் அறையில் நீண்ட மூக்குள்ள வெள்ளிக் கோப்பிக் கூஜா. இந்தியா அறையில் சந்தன மரத்தில் ஏதோ இருப்பதாகச் சொல்வார்கள். நான் உள்ளே போனதில்லை.

சனிக்கிழமைகளில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அங்கே நிகழ்ச்சிகள் நடக்கும். கொடிக்கு வர்ணம் தீட்டுவார்கள். பெரியவருடைய மேசையில் ஒவ்வொருவராக உட்கார்ந்து, தோளில் வழுகும் ஒரு பெரிய கோட்டை மாட்டிக்கொண்டு, நாட்டுக்கு ஒரு கட்டளை பிறப்பிப்பார்கள். போன மாதம் ஒரு பொடியன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இனிமே பெரட்டு எட்டு மணிக்கு மேலதான். எங்கம்மா தூங்கணும்" என்றான். விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கங்காணிகள் யாராவது கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

எல்லாவற்றிலும் பிள்ளைகளுக்குப் பிடித்தது கடவுச்சீட்டு விளையாட்டு. நீல அட்டை போட்ட சிறு புத்தகம். உள்ளே பெயர், வயது, ஊர், தன் முகத்தைத் தானே வரைய ஒரு சதுரம். பிறகு வெறும் பக்கங்கள். ஒவ்வோர் அறை வாசலிலும் ஓர் இளைஞன் அந்த நாட்டு முத்திரையை வைத்துக்கொண்டு நிற்பான். எல்லா முத்திரைகளும் விழுந்தவர்களுக்குக் கடைசியில் ஒரு பென்சில் பெட்டி.

அந்த வீட்டைப் பொறுப்பாகப் பார்க்கும் சிங்களப் பெண்மணி வருட ஆரம்பத்தில் என்னைத் தேடி வந்தார். பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையில்லாமல், அழகாக எழுதித் தர ஒருவர் வேண்டும் என்றார். அவர் வசனத்தை முடிக்குமுன்பே நான் சம்மதித்துவிட்டேன். "அழகாக" என்ற சொல்லுக்கு மேல் எனக்கு எதுவும் கேட்கவில்லை. முதல் சனிக்கிழமை, என் மேசைக்கு மேலே எங்கோ ஓர் அறையில் முதல் முத்திரை தொப்பென்று விழுந்தபோதுதான் அது எந்த மாதிரி வேலை என்று எனக்கு உறைத்தது. பேனாவை வைத்துவிட்டு விரல்களைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டேன். குளிர் என்று எண்ணியிருப்பார்கள்.

போன சனிக்கிழமை கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். வரிசையில் ஐந்தாவதாக நின்றவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தாள்.

"முழுப் பெயர் சொல்லு, பிள்ளை."

"ராஜேந்திரன் தர்ஷிகா, டீச்சர்."

"வயசு?"

"ஏழு. ஆனா வர்ற மாசம் எட்டு."

"வாற மாசம் வரேக்க எட்டெண்டு எழுதுவம்."

பெயரை எழுதி, மை உலரும்வரை காத்திருந்து, இரண்டு கைகளாலும் கொடுத்தேன். எனக்கு அப்படிக் கொடுத்துத்தான் பழக்கம். அவளும் இரண்டு கைகளாலும் வாங்கினாள்.

"டீச்சர், இது நெசமான பாஸ்போட்டா?"

பின்னால் நின்றவள் அவள் முதுகில் குத்தினாள். "லூசு, இது அட்டைடி. கேக் பெட்டி மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. அரை மணி நேரமாகக் குனிந்து எழுதியதைக் கேக் பெட்டி என்கிறாளே என்று. "ஆர் சொன்னது அட்டையெண்டு? நான் எழுதித் தந்தால் அது சரியான பாஸ்போட்தான். கவனமா வைச்சிரு. துலைச்சால் ஒரு இடமும் போகேலாது."

தர்ஷிகா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "குவைத்து எங்க இருக்கு டீச்சர்?"

"மேல் மாடி. இடது கைப் பக்கம் ரெண்டாவது அறை."

ஏன் குவைத் என்று நான் கேட்கவில்லை. அடுத்த பிள்ளையின் பெயரை எழுதத் தொடங்கிவிட்டேன். வரிசை நகரவேண்டும் என்பதில்தான் என் கவனம் எப்போதும்.

அப்பாவின் மேசையிலும் அப்படித்தான் இருந்தது. உனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் தெரியும். இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் செய்து, தோட்டத்துச் சனத்தில் யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கே இருப்பது என்று குடும்பம் குடும்பமாக விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தார்கள். நமக்குப் பதினாறு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரிய கிளாக்கரின் மகளான எனக்குப் பிரஜாவுரிமை பிறப்போடு வந்தது. அதே தோட்டத்தில் பிறந்த உனக்கும், உனக்கு முன் அங்கேயே பிறந்த உன் அப்பாவுக்கும், அது மனுப்போட்டுக் கேட்கவேண்டிய ஒன்றாக இருந்தது. தலவாக்கலை ஸ்டேஷனில் ஒரே கோச்சியில் ஏறி, ஹட்டனில் ஒரே கன்னியர் மடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். அந்த வித்தியாசம் நம் இருவருக்கும் நடுவில் இருந்ததை நான் கவனித்ததில்லை. நீ கவனித்திருப்பாய்.

அருட்சகோதரி என் கொப்பியை மற்ற வகுப்புகளுக்குக் கொண்டுபோய்க் காட்டுவார். ஒரு வெட்டில்லை, ஒரு திருத்தமில்லை என்று. பள்ளிக்கூடம் முழுவதும் அதற்காக என்னை மதித்தது. நீ மட்டும் கோச்சியில் முழங்கையால் இடித்துக் கேட்பாய்: "ஏ புள்ள, நீ ஒரு தப்பு பண்ணித்தான் பாரேன். ஒலகம் என்னா கவுந்தா போயிரும்?"

"ஓம், கவிழும்" என்பேன்.

"ஓமாம்! ஓமாம்!" என்று என் பேச்சை நெளித்துக் காட்டிச் சிரிப்பாய். பெட்டியில் இருக்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஞாயிறு மதியத்துக்குப் பிறகு அப்பா ஆபீஸ் வராந்தாவில் மேசை போடுவார். மேசையில் இரண்டு குவியலாகப் படிவங்கள். இடது பக்கம் இந்தியாவுக்கு, வலது பக்கம் இலங்கைக்கு. அப்பா சனத்தோடு பேசி விவரம் கேட்பார், எழுதுவது நான். முதல் நாளே என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "பிள்ளை, இது பள்ளிக்கூடக் கொப்பி இல்லை. ஆக்களின்ர சீவியம். பாத்து எழுது."

உன் அப்பா வந்த அன்று நீ காய்ச்சலாகப் படுத்திருந்தாய். இல்லாவிட்டால் நீயும் வந்திருப்பாய். என் தோளுக்கு மேலால் எட்டிப் படித்திருப்பாய். உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் ஏதோ யந்திரம் நின்றுபோய், அப்பாவை அப்போதுதான் துரை கூப்பிட்டனுப்பியிருந்தார். மேசையில் நான் மட்டும். உன் அப்பா தோளில் கிடந்த கம்பளியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, நம்ம புள்ள ஒங்களோடதான படிக்குது. அது படிச்சி முடிக்கட்டும். நாங்க எங்கயும் போவல. இங்கயே இருக்கிறதா எழுதிருங்க."

தலையாட்டினேன். அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. காது கேட்டதைக் கை கேட்கவில்லை. அன்று மதியத்திலிருந்து வந்தவர்கள் எல்லோரும் இந்தியா என்றே சொல்லியிருந்தார்கள். கை பழக்கத்தில் இடது பக்கம் போய் ஒரு படிவத்தை எடுத்தது. நான்கு பக்கங்களும் நிரப்பினேன். உன் தாத்தாவின் பெயர், அவர் கப்பலேறி வந்த ஊர், அம்மா, நீ, உன் தம்பி. உன் பெயரைத்தான் எல்லாவற்றிலும் நன்றாக எழுதினேன்.

எனக்குப் பக்கத்தில் தூணில் சாய்ந்து நின்ற கணக்கப்பிள்ளை வரிசையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "பாருங்கய்யா, ஐயா மக எழுத்த! அச்சடிச்ச மாதிரி. ஒரு பெசகு வராது." எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். உன் அப்பாவும் பார்த்தார், வாசிக்கத் தெரியாத கண்களால். அவர் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, தாளுக்கு மேலே கொண்டுவந்தபோதுதான் படிவத்தின் தலைப்பைக் கண்டேன்.

வேறு படிவம் இல்லாமல் இல்லை. வலது பக்கம், ஒரு சாண் தூரத்தில், குவியலாக இருந்தது. "பிழையான தாளை எடுத்துவிட்டேன், மாமா, கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அரை மணி நேரம் போயிருக்கும். அவ்வளவுதான். ஆனால் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளையின் சொல் இன்னும் அந்த வராந்தாவில் நின்றுகொண்டிருந்தது. நான் அந்த விரலைத் தாளில் வைத்து அழுத்தினேன். நானேதான் அழுத்தினேன். அவர் விரலை என்னிடம் விட்டிருந்தார்.

மாலையில் அப்பாவிடம் சொல்லி மாற்றிவிடலாம் என்று எண்ணினேன். மாலையில் அப்பா களைத்துப்போய் வந்தார். மறுநாள் காலை சொல்லலாம் என்றேன். மறுநாள் அவர் யாரையோ உரத்து ஏசிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கட்டு தபாலில் போய்விட்டது.

சனிக்கிழமை பதினொன்றரைக்குப் பிள்ளைகளை முற்றத்தில் உட்காரவைத்து பணிஸ் கொடுத்தார்கள். அவர்களைக் கூட்டிவந்த சுமதி டீச்சர் இளம் பெண். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். முகம் வெளிறியது.

"இருபத்திமூணு பேரக் கூட்டியாந்தேன். இருபத்திரெண்டுதான் இருக்கு. யாரு இல்ல?"

கேக் பெட்டி என்று சொன்னவள் பணிஸை மென்றுகொண்டே சொன்னாள்: "தர்ஷிகா. அவ குவைத்து ரூமுக்குப் போனா டீச்சர். அங்கதான அவ அம்மா இருக்காங்க."

"எங்க இருக்காங்க?"

"குவைத்துல. வீட்டு வேலைக்கிப் போய் மூணு வருசம்."

மாடிப்படியில் நான் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. என் முழங்காலுக்கு அந்தப் படிகள் ஆகாது. குவைத் அறையில் கூஜா இருந்தது, முத்திரையோடு அந்த இளைஞன் இருந்தான், பிள்ளை இல்லை. அவன் முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

"அந்தச் சின்னப் புள்ளையா மேடம்? சீல் குத்தினதும் கதவுக்குப் பின்னால போய் எட்டிப் பாத்துச்சி. அப்புறம் 'எந்தப் பக்கமா போவணும்'னு கேட்டுச்சி. நான் சும்மா பகிடிக்கி, 'கீழ போயி கொழும்பு பஸ் ஏறு, அங்கேருந்து ப்ளேன்'னு..."

என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான். அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திறந்திருந்த மைப்பெட்டிக்குள் என் விரல் அழுந்தியதை அப்போது உணரவில்லை.

வாசல் காவலாளியும் அவளைப் பார்த்திருந்தார். நல்ல மனிதர், வயதானவர். "பாஸ்போட்டத் தொறந்து காட்டிச்சுங்க நோனா. நானும் சல்யூட் அடிச்சிக் கதவத் தொறந்து விட்டேன். அப்ப வெளிய போன ஒரு குடும்பத்தோட புள்ளன்னு நெனச்சேன்" என்றார். யாரும் தவறாக எதுவும் செய்யவில்லை. எல்லோரும் ஒரு பிள்ளையோடு விளையாடியிருந்தார்கள். அது விளையாட்டு இல்லை என்று அவளுக்குச் சொன்னது நான் ஒருத்திதான்.

சுமதி டீச்சர் ஏரிப் பக்கம் ஓடினார். நான் பஸ் நிலையத்துக்கு இறங்கும் குறுக்குப் பாதையில் போனேன். பனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் வருவது ஆளா மரமா என்று தெரியவில்லை. கீழே ஊர் பார்க்க வந்தவர்களின் வான்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு வளைவுகளில் திரும்பும் சத்தம். ஒவ்வொரு பிரேக் சத்தத்துக்கும் நின்றேன். எதிரே வந்தவர்களிடம் கேட்டேன், நீலப் புத்தகம் வைத்திருந்த பிள்ளையைக் கண்டீர்களா என்று. பிள்ளையின் சட்டை நிறம் எனக்குத் தெரியவில்லை. கண் எப்படி, தலையில் ரிப்பன் இருந்ததா, எதுவும் தெரியவில்லை. அவள் பெயரை எத்தனை அழகாக எழுதினேன் என்பது மட்டும் தெரிந்தது. என் கையெழுத்து இன்னொரு பிள்ளையைக் கொண்டுபோகிறது என்று நினைத்தேன். இது இரண்டாவது முறை என்று நினைத்தேன். ஜெபம் சொல்லப் பார்த்தேன். முதல் வரிக்கு மேல் வரவில்லை.

நீங்கள் புறப்பட்ட காலையிலும் தலவாக்கலையில் இதே பனிதான். படிவம் போய் நான்கு வருடம் கழித்து, இந்தியாவுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. அப்பா மேல்முறையீடு எழுதினார். அவருக்கு எதுவும் தெரியாது. மறுத்து, பதில் ஒரே வரியில் வந்தது. முந்தின நாள் உன் அப்பா விடைபெற வந்து எங்கள் முன்கட்டில் நின்று சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "தங்கச்சி எழுதினதுல தப்பே இருக்காதுங்க ஐயா. மேலதான் எவனோ மாத்திட்டான்."

அந்தக் கோச்சிக்குச் சனம் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்திருந்தது. பெட்டி பெட்டியாக அழுகை. நீ அழவில்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். "கடுதாசி போடு புள்ள. ஒங் கையெழுத்துல என் பேரப் பாத்தாப் போதும்" என்றாய். கோச்சி நகர்ந்து கொஞ்ச தூரம்வரை என் கையை விடவில்லை. விடமாட்டாயோ என்று எனக்குப் பயமாக இருந்தது. நீ பிடித்துக்கொண்டே கேட்டால் சொல்லியிருப்பேன்.

நீலகிரியில் உனக்கு மறுபடியும் தேயிலைதான் கிடைத்தது. டீச்சராக வரவேண்டியவள் முப்பது வருடம் கொழுந்து எடுத்தாய். "இங்கயும் அதே பனி, அதே அட்டைக்கடி. எங்கள சிலோன்காரங்கன்னு கூப்புடுறாங்க" என்று எழுதினாய். நான் ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் போட்டேன். தவறியதில்லை. இங்கே கலவரத்தில் தமிழர்களின் கடைகள் எரிந்த ஆண்டில், நாங்கள் எங்கள் வீட்டை விட்டு ஸ்டோர் மாடியில் ஒளிந்திருந்தபோது, நீ அங்கே பத்திரமாக இருக்கிறாய் என்று ஓர் எண்ணம் வந்தது. நான் செய்தது நல்லதாகவே முடிந்திருக்கிறது என்ற எண்ணம். எரியும் வாசனையைவிட அந்த எண்ணத்துக்குத்தான் நான் அதிகம் நடுங்கினேன். அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதைக் கண்டு.

என் கணவரிடம்கூட இதைச் சொன்னதில்லை. நல்ல மனிதர், பாடசாலைப் பரிசோதகர். முப்பத்தெட்டு வருடம் ஒரே கூரைக்குள் இருந்தோம். என்னைப்பற்றி யாரிடமும் பெருமையாகச் சொல்வார்: "இவவின்ர எழுத்தில ஒரு பிழை கண்டுபிடிக்கேலாது."

பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ் என்ஜினைப் போட்டு நடுங்கிக்கொண்டு நின்றது. மிதிபலகையில் நின்று கண்டக்டர் "கொழும்பு கொழும்பு" என்று கூவிக்கொண்டிருந்தான். எனக்கு மூச்சு வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, சிங்களத்தில், ஒரு சின்னப் பெண்பிள்ளை என்று தொடங்கினேன். அவன் தனக்குத் தெரிந்த தமிழில் பதில் சொன்னான்.

"நோனாட பபாவா? முன் சீட்ல இருக்கி. டிக்கட் கேட்டா பாஸ்போட் காட்டுது! நான் சொன்னே, மகே அம்மே, இந்த பஸ் குவைத் போறதில்ல, கம்பளை வரைக்கும் சரி போகுமான்னு கடவுளுக்குத்தான் தெரியும்." உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். "பயப்பட வாணாம். டைம்கீப்பர்ட்ட சொல்லிருக்கி. ஆள் வார வரைக்கும் பஸ் எடுக்க மாட்டே."

அவள் சாரதிக்குப் பின்னால் உள்ள ஆசனத்தில், கால் தரையில் எட்டாமல், யாரோ கொடுத்த கடலைச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மஞ்சள் ஸ்வெட்டர். புத்தகத்தைக் குவைத் பக்கத்தில் திறந்து வைத்திருந்தாள்.

"இறங்கு பிள்ளை. டீச்சர் தேடுறா."

"நான் வரல. அம்மாகிட்ட போறேன். சீலு எல்லாம் குத்தியாச்சு."

"இது உண்மையான பாஸ்போட் இல்லை."

"நீங்கதான சொன்னீங்க, சரியான பாஸ்போட்டுன்னு?"

சிரிப்பு நின்றுவிட்டது. பஸ் நிறைய ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. அது வராந்தாவில் இருந்த அதே பார்வை. நாக்கில் ஒரு வசனம் தயாராக வந்து நின்றது: நீ பிழையாக விளங்கிக்கொண்டாய். முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் சொன்ன வசனம். பிள்ளைகள் அதை எப்போதும் ஏற்றுக்கொள்வார்கள். இவளும் ஏற்றுக்கொள்வாள். தலையைக் குனிந்துகொண்டு இறங்குவாள்.

"நான்தான் பிழை விட்டனான், தர்ஷிகா" என்றேன். "உண்மையெண்டு சொன்னது பொய். இதை வைச்சுக்கொண்டு ஒரு இடமும் போகேலாது. பிழை என்ர. உன்ர இல்லை."

சத்தமாகத்தான் சொல்லியிருக்கவேண்டும். கடைசி ஆசனத்திலிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு கிழவர் ஜன்னலைச் சாத்தினார். கண்டக்டர் டிக்கட் புத்தகத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தான்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்ப ஏன் எழுதிக் குடுத்தீங்க?" என்றாள்.

கண்டக்டர்தான் அவளைத் தூக்கி இறக்கிவிட்டான். மேட்டில் ஏறும்போது என் கையைப் பிடிக்க மறுத்து முன்னால் நடந்தாள். மறுபடி பனிக்குள் போய்விடுவாளோ என்ற பயத்தில் அவளுடைய ஸ்வெட்டரின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே போனேன். அவள் தட்டிவிடவில்லை. பாதி வழியில் சுமதி டீச்சர் ஓடிவந்தார்; முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அந்தக் கையாலேயே அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதார். அப்போதுதான் அந்தப் பிள்ளை அழுதது. நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

மூன்று நாளாக அந்தக் கேள்வி உன் குரலில் கேட்கிறது. நீ அதைக் கேட்கக்கூடும் என்றுதான் இத்தனை காலமும் பயந்தேன். உன் கடிதங்களை முதலில் அவசரமாக ஒருமுறை படிப்பேன், அந்தக் கேள்வி இருக்கிறதா என்று பார்க்க. இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஆறுதலாக மறுபடி படிப்பேன். ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ போய்விட்டாய் என்று உன் மகள் சொன்னபோது, அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதி. இனிக் கேட்க ஆளில்லை என்ற நிம்மதி. ஒரு கணம்தான். என் வாழ்க்கையில் என்னைப் பார்த்து நான் அவ்வளவு பயந்தது அந்தக் கணத்தில்தான்.

பஸ்ஸில் ஒரு குழந்தையிடம் சொல்ல முடிந்தது. அது சிறிய பிழை. அதைச் சொன்னதால் பெரியது சொல்லப்பட்டதாகாது. ஆகவே இதை உறையிலிட்டு, கோத்தகிரியில் உன் வீட்டு முகவரிக்கு அனுப்பப்போகிறேன். உன் மகள் பிரிப்பாள். அவள் அங்கே பிறந்தவள், அங்கே படித்து, நீ ஆகவேண்டியிருந்த டீச்சராக இருப்பவள். அன்று என் கை வலது பக்கம் போயிருந்தால் அவள் பிறந்தே இருக்கமாட்டாள். அப்படிப்பட்ட ஒருத்தியிடம் அது பிழை என்று எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிழை இல்லை என்றும் சொல்ல முடியாது. உன் முப்பது வருடக் கொழுந்துக் கூடை நடுவில் நிற்கிறது.

நாளை காலை தபால் கந்தோர் திறந்ததும் போவேன். பத்து நாளில் போய்ச் சேரும் என்பார்கள். பதினோராம் நாளிலிருந்து தொலைபேசி மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் அது உன் மகளோ என்று பயப்படுவேன். இப்போதே, இதை எழுதும்போதே, தொலைபேசியைத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

அடித்தால் எடுப்பேன்.